மாநில சுயாட்சி பற்றி விவாதிக்கப் போகிறீர்களா? மேடை ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலை

“கல்வி மாநிலப் பட்டியலில் இருக்கும்போது நீட்டைத் திணிக்க டெல்லிக்கு என்ன உரிமை?” மேடையில் இந்த வரிக்குக் கைதட்டல் நிச்சயம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்த்தவராக இருந்தால், அடுத்த நிமிடமே பேச்சு கவிழ்வதும் இதே வரியால்தான். கல்வி மாநிலப் பட்டியலில் இல்லை. 1977 ஜனவரி 3 முதல் இல்லை.

கல்லூரி மேடை, தொலைக்காட்சி விவாதம், கட்சிப் பயிற்சி வகுப்பு, கட்டுரை என எதற்குத் தயாரானாலும் இந்தக் குறிப்பு உதவும். சுயாட்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவருக்கும் எதிர்த்துப் பேசுகிறவருக்கும் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு குறையையும் ஒரு பிரிவு எண்ணிலோ, ஒரு பதிவு எண்ணிலோ (அதிகாரப் பட்டியலில் ஒரு பொருளின் வரிசை எண்), ஒரு தொகையிலோ கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கட்ட முடியாததைப் பேச்சிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

முதலில் குறையை வகை பிரியுங்கள்

“மாநில உரிமை பறிபோகிறது” என்ற ஒரே மூட்டைக்குள் நாலு வேறு விஷயங்கள் கிடக்கின்றன. சட்டம் இயற்றும் அதிகாரம் யாருக்கு என்பது ஒன்று. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் கிடப்பது இன்னொன்று. பணம் மூன்றாவது. நான்காவது, ஆட்சிக் கலைப்பு, எல்லை மாற்றம், நாடாளுமன்ற இடங்கள் போன்ற அமைப்பு சார்ந்த சங்கதிகள். ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனி இடம், தனிப் பரிகாரம். ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் வேலை செய்யாது.

பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-25-இல் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர ஒப்பந்தம் போடாததும் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததும் காரணம். இதற்காக நாடாளுமன்றம் புதுச் சட்டம் எதையும் போடவில்லை. எந்தப் பட்டியலும் மீறப்படவில்லை. 60:40 விகிதத்தில் செலவைப் பகிரும் ஒன்றியத் திட்டம் அது. 60 பங்கு தருகிறவர் நிபந்தனை வைத்தார். ஆகவே இங்கே “பட்டியலை மாற்று” என்று முழங்கினால் குறி தப்பிவிடும். ஒன்றியத் திட்டங்களைக் குறைத்து, அந்தப் பணத்தை நிபந்தனையில்லாத வரிப் பகிர்வாகத் தரச் சொல்வதுதான் இந்தக் குறைக்குப் பொருந்தும் கோரிக்கை.

தாளை நாலு கட்டமாக மடித்து, உங்களிடம் உள்ள குறைகளை எல்லாம் அந்தந்தக் கட்டத்தில் எழுதிவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் சேராதது ஏதாவது மிஞ்சினால், அது பெரும்பாலும் கட்சிச் சண்டையாக இருக்கும்.

ஏழாவது அட்டவணையை எப்படிப் படிப்பது

சட்டம் இயற்றும் பொருள்களை ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்கும் பொதுவான பொதுப் பட்டியல் என்று மூன்றாகப் பிரிப்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைதான். ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும் அரசியலமைப்பின் திருத்தப்பட்ட பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடைப் பிரதி, போட்டித் தேர்வு கைடு இரண்டையும் நம்ப வேண்டாம். கைடுகள் மூன்று பட்டியல்களுக்கும் 97, 66, 47 என்று எண்ணிக்கை போடும். அவை 1950-ஆம் ஆண்டுக் கணக்கு. பிறகு பல பதிவுகள் நீக்கப்பட்டன, 11ஏ, 17ஏ, 33ஏ என்று நடுவில் பல நுழைக்கப்பட்டன. வரிசை எண் கடைசியில் அதேபடி நிற்பதால் எண்ணிக்கையும் அதுவே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் பட்டியலான மாநிலப் பட்டியலைத் திறந்து 11-ஆவது பதிவுக்குப் போங்கள். அங்கே எழுத்து இருக்காது. எண், பக்கத்தில் சில நட்சத்திரக் குறிகள், அவ்வளவுதான். பக்கத்தின் அடியில், 42-ஆவது திருத்தத்தின் 57-ஆவது பிரிவால் நீக்கப்பட்டது, 3-1-1977 முதல் அமலுக்கு வந்தது என்று பொடி எழுத்தில் அடிக்குறிப்பு. கல்வி உட்கார்ந்திருந்த நாற்காலி அது. காடுகள் இருந்த 19, வனவிலங்கு இருந்த 20, எடை-அளவு இருந்த 29 ஆகியவையும் அப்படியே நட்சத்திரமாக நிற்கின்றன. நெருக்கடி நிலைக் காலத்தில் இந்த நான்கோடு, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தவிர்த்த நீதிமன்றங்களின் அமைப்பும் சேர்ந்து ஐந்து பொருள்கள் பொதுப் பட்டியலுக்குப் போயின. நட்சத்திரத்தையும் அடிக்குறிப்பையும் படிக்கப் பழகுங்கள். சுயாட்சி விவாதத்தின் பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது.

பதிவைக் கண்டதும் நிறுத்திவிடாதீர்கள். அதில் ‘உட்பட்டு’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலின் பல பதிவுகளுக்குக் கழுத்தில் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுமுனை ஒன்றியப் பட்டியலில். தண்ணீர் மாநிலத்துக்கு, பதிவு 17. ஆனால் மாநிலங்களிடை ஆறுகளைப் பற்றிய ஒன்றியப் பட்டியல் 56-க்கு உட்பட்டு. சுரங்கம் மாநிலத்துக்கு, 23. ஆனால் ஒன்றியப் பட்டியல் 54-க்கு உட்பட்டு. மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம், 26. ஆனால் பொதுப் பட்டியல் 33-க்கு உட்பட்டு.

அந்தக் கடைசிக் கயிற்றை இழுத்துத்தான் 2020-இல் வேளாண் சட்டங்கள் வந்தன. வேளாண்மை பதிவு 14, சந்தைகள் பதிவு 28, இரண்டுமே மாநிலத்துடையவை. “பிறகு நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் போட்டது?” என்று கேட்டவர்களுக்கு விடை பொதுப் பட்டியல் 33-இல் இருந்தது: உணவுப் பொருள் வணிகம். 1954-இல் மூன்றாவது திருத்தம் விரிவாக்கிய பதிவு அது. சட்டங்கள் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. 33-ஆவது பதிவு அங்கேயே இருக்கிறது.

பட்டியலில் மாநிலத்துக்கு என்று இருந்தாலும் நாடாளுமன்றம் உள்ளே வர இன்னும் சில கதவுகள் உண்டு. மாநிலங்களவை, வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குடன் தீர்மானம் போட்டால் பிரிவு 249. ஒரு தீர்மானத்தின் ஆயுள் ஓராண்டு, நீட்டிக்கலாம். நெருக்கடி நிலை என்றால் 250. இரண்டு மாநிலங்களோ அதற்கு மேலோ தாங்களே கேட்டால் 252. பன்னாட்டு உடன்படிக்கை என்றால் 253, இதற்குப் பட்டியல் தடையே கிடையாது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்த வழி இது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது, அதாவது எஞ்சிய அதிகாரம், 248-இன்படி ஒன்றியத்துக்கு.

எஞ்சிய அதிகாரத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு குழி இருக்கிறது. “உலகில் எந்தக் கூட்டாட்சியிலும் எஞ்சிய அதிகாரம் மையத்திடம் இல்லை” என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அது மாநிலங்களிடம் இருக்கிறது. கனடாவில் மையத்திடம் இருக்கிறது. எதிராளி கனடா என்ற ஒரு சொல்லோடு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

நீட்: ஒரு குறையை முழுவதுமாகப் பிரித்துப் பார்ப்போம்

மருத்துவக் கல்வி இப்போது பொதுப் பட்டியலின் 25-ஆவது பதிவில் இருக்கிறது. அந்தப் பதிவே ஒன்றியப் பட்டியலின் 63 முதல் 66 வரையான பதிவுகளுக்கு உட்பட்டது. 66 என்பது உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதும் ஒருங்கிணைப்பதும். நீட் தேர்வு நிற்பது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின் மேல்.

பொதுப் பட்டியல் பொருளில் மாநிலச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால், மோதும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது, இது 254(1). தப்பிக்கும் வழி 254(2): மசோதாவைக் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினால், அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டம் நிற்கும்.

இந்த வழி தமிழகத்துக்குத் திறந்ததும் உண்டு, மூடியதும் உண்டு. மிருகவதைத் தடுப்பும் பொதுப் பட்டியல்தான், பதிவு 17. ஜல்லிக்கட்டுக்கான திருத்த மசோதா 2017 ஜனவரி 23-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, அந்த மாதமே ஒப்புதல் பெற்றது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அதைச் செல்லும் என்றது. அதே 2017-இல் அனுப்பிய நீட் விலக்கு மசோதாக்களுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 13-இல், நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு அறிக்கைக்குப் பிறகு நிறைவேறிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-இல் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரிடம் போன பிறகு நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிரிவும் நடைமுறையும் ஒன்றுதான். முடிவு மட்டும் டெல்லியின் மனநிலையைப் பொறுத்து மாறியது. சுயாட்சி பேசுகிறவருக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைப்பது அரிது.

எதிர்த் தரப்பு 66-ஆவது பதிவை எடுக்கும். 1999-இல் பிரீத்தி ஸ்ரீவாஸ்தவா வழக்கில், சேர்க்கை விதிகள் கல்வித் தரத்தைப் பாதிக்கும், ஆகவே 66 குறுக்கிடும் என்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். 2016-இல் மாடர்ன் டென்டல் காலேஜ் வழக்கில் இன்னோர் ஐந்து நீதிபதி அமர்வு, சேர்க்கை அடிப்படையில் 25-ஆவது பதிவைச் சேர்ந்தது என்றது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

இந்த விவாதத்தில் அதிகம் பேர் விழும் இடம் இனிமேல்தான். “கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்பிவிட்டால் நீட் தானாகப் போய்விடும்” என்பார்கள். போகாது. 66-ஆவது பதிவு ஒன்றியப் பட்டியலில் 1950 முதலே இருக்கிறது. கல்வி மாநிலப் பட்டியலில் இருந்த நாளிலும் 11-ஆவது பதிவு 66-க்கு உட்பட்டுத்தான் இருந்தது. 1962-இலேயே குஜராத் பல்கலைக்கழக வழக்கில், பயிற்றுமொழி விஷயத்தில் கூட 66 மாநில அதிகாரத்தை வெட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கோரிக்கை முழுமையாக வேண்டுமானால் இரண்டு வரி வேண்டும்: 25-ஐ மாநிலப் பட்டியலுக்கு மாற்று, 66-இன் வீச்சை, சேர்க்கை அதற்குள் வராதபடி, சுருக்கு.

மசோதா கிடப்பில் கிடந்தால்

200-ஆவது பிரிவு ஆளுநருக்கு; 201 குடியரசுத் தலைவருக்கு. வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்று 200 சொல்கிறது. 201-இல் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபடி நிறைவேற்றி அனுப்பினாலும் குடியரசுத் தலைவர் மறுக்கலாம்.

இங்கே தேதிதான் ஆளைக் கவிழ்க்கும். 2025 ஏப்ரல் 8-இல் தமிழக அரசு தொடுத்த வழக்கில் இரண்டு நீதிபதி அமர்வு, பத்து மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதோடு கதை முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வழி தரும் 143-இன் கீழ் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதி அமர்வு பதில் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ‘ஒப்புதல் தந்ததாகக் கருதுவது’ என்ற வழியும் இல்லை, ஆனால் ஆளுநர் காரணமில்லாமல் நெடுங்காலம் மசோதாவை வைத்திருந்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட முடியும். ஏப்ரல் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு “மூன்று மாதக் கெடு” என்று இன்னும் மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கெடு வேண்டும் என்றால் அதை அரசியலமைப்புத் திருத்தமாகத்தான் கேட்க வேண்டும். ஆளுநருக்கு ஆறு மாதம் என்று 2010-லேயே, ஒன்றிய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்திருக்கிறது; கோரிக்கைக்கு அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்த உறவுகளை ஆராய்ந்த ஆணையங்கள் என்றதும் ஒன்று. இராஜமன்னார் குழு (1969-இல் அமைப்பு, 1971-இல் அறிக்கை), சர்க்காரியா (1983, 1988), பூஞ்சி (2007, 2010) ஆகிய மூன்றின் பரிந்துரைகளும் பரிந்துரைகள் மட்டுமே. “இராஜமன்னார் குழு சொல்லியிருக்கிறது” என்பது வாதமாகாது. அவர்கள் சொன்ன காரணத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அதிலும் மூன்றையும் ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். மாநில ஆட்சியைக் கலைக்க வழி தரும் 356-ஐயே இராஜமன்னார் குழு நீக்கச் சொன்னது. சர்க்காரியா நீக்கச் சொல்லவில்லை, அரிதாகப் பயன்படுத்தச் சொன்னார். 1974 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது இராஜமன்னார் அறிக்கையின் அடிப்படையில். ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை.

பணம்: கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

“ஒரு ரூபாய் கொடுத்தால் 29 பைசா திரும்பி வருகிறது” என்ற வரி தமிழகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். இதைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் முதலில் மேல் எண், கீழ் எண் இரண்டும் எங்கிருந்து வந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கீழ் எண், அதாவது மாநிலம் “கொடுத்த” வரி. நிறுவன வருமான வரி, நிறுவனம் எங்கே பதிவாகி வரி கட்டுகிறதோ அந்த மாநிலக் கணக்கில் விழும். ஸ்ரீபெரும்புதூரில் ஆலை, தலைமையகம் மும்பை என்றால் வரி மகாராஷ்டிரத்துக்கு. சென்னைத் துறைமுகத்தில் வசூலாகும் சுங்க வரி, பெங்களூருக்குப் போகும் சரக்குக்கும் சேர்த்து. ஆகவே வசூல் இடம் என்பது வரியைச் சுமந்த இடம் அல்ல. இந்தத் தவறு சில மாநிலங்களுக்குச் சாதகமாகவும் சிலவற்றுக்குப் பாதகமாகவும் போகும்.

மேல் எண், அதாவது “திரும்பி வந்தது”. வரிப் பகிர்வு மட்டுமா, நிதிக்குழு (ஒன்றிய வரியை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று பரிந்துரைக்கும் குழு) மானியமும் சேர்த்தா, ஒன்றியத் திட்டங்களின் பணமும் சேர்த்தா, ரயிலும் நெடுஞ்சாலையும் சேர்த்தா? எதைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 29 என்பது கூடும், குறையும். எதைச் சேர்த்தோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் குறுக்கே விழ மாட்டார்கள்.

இதைவிட உறுதியான கணக்கு ஒன்று உண்டு; அதைப் போடப் பழகுங்கள். 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குப் பகிர வேண்டிய தொகையில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு என்றது. 14-ஆவது குழு 42 என்றிருந்தது. ஜம்மு காஷ்மீர் மாநிலமாக இல்லாமல் போனதால் ஒன்று குறைந்தது. அந்த 41-இல் தமிழகத்தின் பங்கு 4.079 சதவீதம். இப்போது 100 ரூபாய் மொத்த வரி என்று வைத்துக்கொள்வோம். இதில் செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி), சர்சார்ஜ் (வரிமேல் போடும் கூடுதல் வரி), வசூல் செலவு போன்றவையாக 12 ரூபாய் போகிறது என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதி 88. அதில் 41 சதவீதம் 36 ரூபாய் 8 காசு. அதில் 4.079 சதவீதம் ஏறத்தாழ 1 ரூபாய் 47 காசு. செஸ் எதுவும் இல்லாமல் 100-ம் பகிரப்பட்டிருந்தால் 1 ரூபாய் 67 காசு. இந்த இருபது காசுதான் செஸ் சண்டையின் சாரம். 270-ஆவது பிரிவின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் பகிரும் தொகைக்குள் வருவதில்லை. எனவே ஒன்றிய அரசு வரியைக் குறைத்து செஸ்ஸைக் கூட்டினால், 41 என்ற எண் மாறாமலே மாநிலங்களின் பங்கு சுருங்கும்.

பட்ஜெட்டோடு வெளிவரும் வரவு ஆவணத்தின் பின்னிணைப்பில் மாநிலவாரிப் பகிர்வு அட்டவணை இருக்கும். மாநில நிதிநிலை பற்றி ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் போடும் தொகுப்பில் மற்றவை கிடைக்கும். எண்ணை எடுக்கும்போது மதிப்பீடா, திருத்திய மதிப்பீடா, உண்மைக் கணக்கா என்று தலைப்பைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டின் மதிப்பீட்டை இன்னோர் ஆண்டின் உண்மைக் கணக்கோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. நிதிக்குழுவின் பெயரையும் காலத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண் மாறும்.

பங்கு ஏன் குறைந்தது என்று கேட்டால்? 13-ஆவது குழுவில் தமிழகத்துக்கு 4.969; 14-இல் 4.023, 15-இல் 4.079. பதினெட்டு சதவீதம் போலச் சரிவு. “மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனை” என்பது வழக்கமான விளக்கம், முழு விளக்கம் அல்ல. 15-ஆவது குழுவின் சூத்திரத்தில் 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடை. அதை ஈடுகட்ட, கருவுறுதல் விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கு 12.5 தனியாக. பரப்பளவு 15, காடு 10, வரி முயற்சி 2.5. பாக்கி 45-ம் வருமான இடைவெளிக்கு: முன்னணி மாநிலத்தின் தலா வருமானத்திலிருந்து எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அவ்வளவு கூடப் பங்கு. தமிழகத்துக்கு அடி விழுவது முக்கியமாக இந்த 45-இல்.

அந்த 45-ஐத் தாக்கினால் பீகாரும் உத்தரப் பிரதேசமும் எதிரே வந்து நிற்கும், 15-ஆவது குழுவில் 10.058-ம் 17.939-ம் வாங்கிய மாநிலங்கள் அவை. ஏழை மாநிலத்துக்குக் கொடுக்காதே என்று பேசுவது போலாகிவிடும், ஞாயமும் பாதிதான் நிற்கும். 41-ஐ உயர்த்தச் சொல்வதும், செஸ்ஸுக்கு உச்ச வரம்பு கேட்பதும் எல்லா மாநிலங்களுக்கும் லாபம். அங்கே பாட்னாவும் சென்னையும் ஒரே பக்கம். பேச்சில் பண விஷயத்துக்கு மூன்று நிமிடம் இருந்தால் இரண்டரை நிமிடத்தை இதற்குக் கொடுங்கள்.

ஜிஎஸ்டி விகிதங்களைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி மன்றத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 279ஏ-இன்படி வாக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றியத்துக்கு, மூன்றில் இரண்டு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. முடிவுக்கு நான்கில் மூன்று வேண்டும். எல்லா மாநிலமும் கைகோத்தாலும் 66.7-தான், 75 வராது. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து 31 உறுப்பினர்கள் வந்து வாக்களித்தால், ஒவ்வொன்றுக்கும் 2.15. ஒன்றியத்தோடு 20 பேர் சேர்ந்தால் தீர்மானம் நிறைவேறும். 12 பேர் எதிர்த்தால் நின்றுவிடும். ஒன்றியம் ஒருவராகத் தடுக்கலாம், மாநிலங்கள் பன்னிரண்டு பேர் சேர வேண்டும். 2022 மே மாத மோகித் மினரல்ஸ் தீர்ப்பு, மன்றத்தின் பரிந்துரைகள் கட்டுப்படுத்தாது என்று சொன்னது உண்மை. அதை வைத்து “மாநிலம் தன் இஷ்டத்துக்கு விகிதம் போடலாம்” என்று நீட்டாதீர்கள், நடைமுறையில் எந்த மாநிலமும் அப்படிப் போகவில்லை.

மாநிலங்கள் வென்ற வழக்குகளையும் கையில் வையுங்கள். அழுகைப் பட்டியல் மட்டும் நீளமாக இருந்தால் கேட்கிறவர் களைத்துவிடுவார். கனிமத்துக்கு உரிமைத் தொகை என்பது வரியே என்று 1989-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில், தமிழக அரசுக்கு எதிராக, ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். 2024 ஜூலை 25-இல் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அதைத் தள்ளிவிட்டு, கனிம உரிமைக்கு வரி போடும் அதிகாரம் 50-ஆவது பதிவின்படி மாநிலத்துக்கு என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தொழிற்சாலை ஆல்கஹால் மீதான அதிகாரமும் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் வந்தது, பதிவு 8. ஒரு பதிவின் சொல்லை நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது என்பதிலேயே எவ்வளவு அதிகாரம் கைமாறுகிறது பாருங்கள். திருத்தம் எதுவும் இல்லாமல்.

எதிரே வரும் கேள்விகள்

“சுயாட்சி என்பது பிரிவினையின் முதல் படி.” இதற்கு நீளப் பேச வேண்டாம். 1963-இல் 16-ஆவது திருத்தம் வந்து, வேட்பாளர் உறுதிமொழியிலேயே இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும் சேர்க்கப்பட்டன. அந்த ஆண்டே திமுக திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த முழக்கம்தான் ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’. வரிசையைச் சொன்னால் போதும்.

“மத்தியில் பங்கு வகித்தபோது என்ன செய்தீர்கள்?” இது வலிக்கும் கேள்வி, ஏனென்றால் நியாயமான கேள்வி. நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த எந்த ஆட்சியும் கல்வியைத் திருப்பித் தரவில்லை. நீட்டுக்கான முதல் அறிவிக்கை 2010 டிசம்பரில் வந்தது. அப்போது திமுகவும் ஒன்றிய ஆட்சியில் இருந்தது. மழுப்பாதீர்கள். கட்சிகளின் தவறை ஒப்புக்கொண்டு, கேள்வியை அமைப்புக்குத் திருப்புங்கள்: யார் ஆண்டாலும் அதிகாரத்தை விட்டுத்தர மனம் வருவதில்லை என்றால், அது சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். 356-ஐப் பற்றிப் பேசும்போதும் இதே நேர்மை வேண்டும். தமிழகத்தில் 1976-லும் 1991-லும் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. 1980-இல் அதிமுக ஆட்சி. இரண்டையும் சொல்லுங்கள். 1994-இல் பொம்மை தீர்ப்பு வந்து, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்ற பிறகு கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆகவே 356-ஐ இன்றைய முதல் குறையாக வைத்தால் பேச்சு பழசாகத் தெரியும்.

“டெல்லி சென்னைக்குத் தரவில்லை என்கிறீர்கள்; சென்னை ஊராட்சிக்குத் தந்ததா?” இதற்குத்தான் யாரும் தயாராக வருவதில்லை. 243ஜி-யும் பதினோராவது அட்டவணையின் 29 பொருள்களும் ஊராட்சிகளுக்கானவை. தமிழகத்தில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான், நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஊராட்சித் தலைவரிடம் பேசிப் பாருங்கள். ஆளுநரைப் பற்றி நீங்கள் சொல்வதையெல்லாம் அவர் மாவட்ட ஆட்சியரைப் பற்றிச் சொல்வார். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் உள்ளாட்சிக்கு ஒரு வரியாவது முன்கூட்டியே இருக்கட்டும்.

‘ஒன்றிய அரசா, மத்திய அரசா’ என்ற சண்டைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தர வேண்டாம். முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது, முடிந்தது. அந்தப் பிரிவில் கூட்டாட்சி என்ற சொல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கூட்டாட்சி அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என்பது பொம்மை தீர்ப்பிலிருந்து வருகிறது.

கோரிக்கையை எழுதும் விதம்

ஒவ்வொரு கோரிக்கையின் ஓரத்திலும் அது நிறைவேற யாருடைய கையெழுத்து வேண்டும் என்று எழுதுங்கள். ஏழாவது அட்டவணையை மாற்ற 368(2): இரு அவைகளிலும் தனித்தனியே மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு, பிறகு குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்ற ஒப்புதல். மக்களவையில் 543 பேரும் வாக்களித்தால் 362 வேண்டும். எத்தனை பேர் வராமல் போனாலும் 272-க்குக் குறையக் கூடாது. 28 மாநிலங்களில் 14. செஸ் வரம்புக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். ஒன்றியத் திட்டத்தின் 60:40-ஐ மாற்ற அமைச்சரவை முடிவே போதும். பிரதமரும் முதலமைச்சர்களும் அமரும் மாநிலங்களிடை மன்றத்தைக் கூட்ட எதுவுமே வேண்டாம், பிரதமர் தேதி குறித்தால் போதும்; 2016 ஜூலையில் கூடியதற்கு முந்தைய கூட்டம் 2006-இல் நடந்தது. இப்படி ஓரத்தில் எழுதிப் பார்த்தால், எளிதில் கிடைக்கக்கூடியவை கீழேயும் தலைமுறைக் கணக்கில் போராட வேண்டியவை மேலேயும் இருப்பது கண்ணில் படும். வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

சட்டமன்றத் தீர்மானத்தை ‘சட்டம்’ என்று எழுதாதீர்கள், எதையும் அது தானாக மாற்றாது. “371ஏ நாகாலாந்துக்கு இருக்கிறதே, எங்களுக்கும் தா” என்பதும் அவசரத்தில் எழுதும் வரி. அந்தப் பிரிவு நாகா மக்களின் வழக்குச் சட்டம், நிலம், அதன் வளங்கள் ஆகியவற்றில் நாடாளுமன்றச் சட்டம் அவர்கள் சட்டமன்றம் ஏற்றால்தான் செல்லும் என்கிறது. அந்த வரலாறு வேறு. அதன் வடிவத்தை, அதாவது ‘சட்டமன்றம் ஏற்றால்தான்’ என்ற நிபந்தனையை, 25-ஆவது பதிவுக்குக் கேட்கலாம். நகலாகக் கேட்க முடியாது.

ஐந்து நிமிடப் பேச்சு என்றால் இரண்டு பதிவு எண், ஒரு தொகை, ஒரு தீர்ப்பு. அதற்கு மேல் ஏற்றினால் கேட்பவர் காதில் எண்கள் மட்டும் ஓடும். பத்து நிமிடத்துக்கு நீட்டையோ பணத்தையோ ஒன்றை மட்டும் எடுத்து முழுதாகப் பிரித்துக் காட்டுங்கள். மீதியைக் கேள்வி நேரத்துக்குச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கிளம்பும் முன் கடைசியாக ஒரு முறை, நீங்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்புக்குப் பிறகு அதே விஷயத்தில் பெரிய அமர்வு ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று தேதி பார்த்துவிடுங்கள்.